ஜான் டே நகரத்துச் சீன வைத்தியர்

சீன வைத்தியத்தை மேல்நாட்டார் எவ்வாறு மதித்தனர் என்று சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் டாக்டர்களின் நூல்களையே ஆதாரமாகக் கொள்வர்; 1683இல் லண்டனில் வெளியான டென் ரைனே என்னும் டச்சு வைத்தியரின் லத்தீன் நூல் முதலாக, ஊசி குத்தும் முறையைப் பற்றி அவர்கள் நிகழ்த்திய வாதப் பிரதிவாதங்கள் ஏராளம். நோயுற்றுக் கிடந்தவர் என்ன நினைத்தார் என்பதை அறிய, அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்து ஜான் டே என்னும் சிற்றூரை நாட வேண்டும்.

பொன் தேடி வந்த சீனர்கள் குடியேறிய அவ்வூருக்கு 1887இல் வந்து சேர்ந்த இங் ஹே, ஆங்கிலத்தில் வல்லவரான லங் ஆன் என்னும் நண்பரோடு சேர்ந்து 'காம் வா சுங்' என்ற கடையை நடத்தி, அதிலேயே நூற்றுக்கணக்கான மூலிகைகளை அடுக்கி வைத்து வைத்தியமும் செய்தார். சீனத் தொழிலாளர் அமெரிக்க மண்ணில் புதிதாகக் கால் வைக்கலாகாது என்று 1882இல் சட்டம் இயற்றப்பட்டு, சீனர் என்றாலே ஜனங்கள் துவேஷம் பாராட்டிய காலம் அது. ஆயினும், அந்தச் சீனரிடம் மணிக்கட்டை நீட்டி நாடி பார்க்கச் சொல்லவும், அவர் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தை மறு பேச்சின்றிக் குடிக்கவும் வெள்ளையரான கால்நடைப் பண்ணையாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். புரையோடிய காயத்தால் இரத்தம் விஷமாகும் நோயைத் தீர்ப்பதில் அவர் பெரும் பெயர் பெற்றிருந்தார். பென்சிலின் தோன்றாத அந்நாளில் அந்நோய் எத்துணை அச்சம் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், வந்தவர்களின் விசுவாசம் வெறும் மூட பக்தியன்று, அனுபவத்தில் விளைந்த நம்பிக்கையே என்பது விளங்கும். தூரத்தில் இருந்தவர்கள் கடிதம் எழுதி மருந்து வரவழைத்தனர். அனுமதிப் பத்திரமின்றி வைத்தியம் செய்கிறார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டபோதோ, அவரைத் தண்டிக்க மனம் ஒப்பும் ஜூரிகள் அங்கே கிடைக்கவில்லை.

நோயாளிகளின் நன்றியறிதல் சீனரைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை அசைத்துவிடவில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். அது ரத்தானது 1943இல்தான். லங் ஆன் 1940இலும், முதுமையில் பார்வை மங்கிய இங் ஹே 1952இலும் காலமாயினர். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கடையைப் பிறகு திறந்தபோது, நோயாளிகள் கொடுத்து அவர் மாற்றாமலே வைத்துவிட்ட காசோலைகள், இருபதாயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு, அவர் கட்டிலடியில் அகப்பட்டன. அக்கடை இன்று அரசாங்கப் பாதுகாப்பிலுள்ள நினைவகம். அங்கேயுள்ள நோயாளிகளின் கடிதங்களைப் படிக்காமல் இந்தச் சரித்திரத்தை எவரும் எழுத முற்படலாகாது.