பழிவாங்கல் நீதியாகாது: கோவை தரும் படிப்பினை



ஒரு நாட்டிற்குள் தீவிரவாதம் எங்கிருந்து பிறக்கிறது? மார்க்கத்திலிருந்து என்பர் சிலர். வறுமையிலிருந்து என்பர் வேறு சிலர். கோவை மாநகரின் வரலாறோ வேறொரு விடையைத் தருகிறது.

1992 டிசம்பர் 6 அன்று பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. சட்டம் அதனைக் காக்கவில்லையே என்ற வேதனை முஸ்லிம் உள்ளங்களில் தங்கியது. அவ்வேதனையை ஆயுதத்தின் பக்கம் திருப்ப முனைந்தோரும் இருந்தனர். 1993-இல் எஸ்.ஏ. பாஷா கோவையில் அல்உம்மா இயக்கத்தைத் தொடங்கினார். மறுபுறம் இந்துத்துவ அமைப்புகளும் நகரில் வேரூன்றின. நடைபாதைக் கடைப் போட்டிகூட மதச் சண்டையாக உருமாறியது.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் முஸ்லிம் இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அது பெரும் பாவம். தொடர்ந்து நடந்ததும் பெரும் பாவமே. காவலர்கள் பணியை விட்டுச் சாலைமறியலில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டிலும் கும்பல்களின் தாக்குதலிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். காயமுற்றோர் கொண்டுவரப்பட்ட அரசு மருத்துவமனை வாயிலிலேயே தாக்குதல் நிகழ்ந்தது. காக்க வேண்டிய கரமே தாக்கியது என்று மக்கள் உணர்ந்தபோது சட்டத்தின் மீதிருந்த நம்பிக்கை தளர்ந்தது. அந்த வெற்றிடத்தில்தான் பழிவாங்கும் குரல் புகுந்தது.

பதினொரு வாரங்கள் கழித்து, 1998 பிப்ரவரி 14 அன்று, எல்.கே. அத்வானி தேர்தல் பிரசாரத்திற்கு வரவிருந்த வேளையில் தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நவம்பரில் நம்மவர் தாக்கப்பட்ட அதே அரசு மருத்துவமனையும் குண்டுக்கு இலக்கானது. அங்கே வந்திருந்த நோயாளி நவம்பர் மாதக் கொலைகளுக்கு எவ்வகையில் பொறுப்பாவார்?

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் இடும் கட்டளை. 18 உயிர்களுக்கு நீதி கேட்கும் உரிமை இருந்தது. 58 உயிர்களைப் பறிக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. விளைவு என்ன? அந்த 18 பேருக்கான நீதிக்குரல் குண்டுச் சத்தத்தில் மூழ்கிப்போயிற்று. 2007-இல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. குற்றமற்றவர் என அப்போது விடுவிக்கப்பட்ட அப்துல் நாசர் மஅதனியோ ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்திருந்தார்.

2022 அக்டோபர் 23 அன்று உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் வெடித்து, அதில் வந்த இளைஞர் இறந்தார். அதன்பின் கோவை ஜமாஅத் நிர்வாகிகள் அக்கோயிலுக்கே சென்று நல்லிணக்கத்தை வலியுறுத்தினர். 1998 கற்பித்த பாடம் அது.

சகோதரர்களே! உங்கள் மஹல்லாவில் அநீதிக்குள்ளான இளைஞன் இருந்தால் அவனைத் தனியே விட்டுவிடாதீர்கள். வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவனுடைய குடும்பத்திற்குத் துணை நில்லுங்கள். பழிவாங்கு என்று அவன் காதில் ஓதுவோர் வந்து சேருமுன் ஜமாஅத் அவனிடம் சென்று சேரவேண்டும்.

பகையிலும் நீதி தவறாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.