ஜூ-ஆன் படமும் ராணி மீனாட்சியின் அரண்மனையும்

ஜப்பானியப் பேய்ப் படமான 'ஜூ-ஆன்' பார்த்தவர்கள் அந்த மாடிப்படியை மறந்திருக்க மாட்டார்கள். தகாஷி ஷிமிசு இயக்கி 2002-ல் வந்தது. கதை ரொம்பச் சின்னது. டோக்கியோவில் ஒரு சாதாரண வீடு. கணவன் கையால் கொலையான கயாகோ என்ற பெண்ணின் ஆத்திரம் அங்கேயே தங்கிவிடுகிறது. அதன்பின் யார் உள்ளே போனாலும், சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, தப்ப முடியாது.

இந்த எண்ணம் ஷிமிசு கண்டுபிடித்ததல்ல. வஞ்சத்தோடு இறந்தவரின் ஆவியை ஜப்பானியர்கள் 'ஓன்ரியோ' என்பார்கள். சுகவாரா நோ மிச்சிசானே என்ற மந்திரி பொய்க் குற்றச்சாட்டால் தலைநகரைவிட்டு விரட்டப்பட்டு 903-ல் இறந்தார். 930-ல் அரண்மனையில் இடி விழுந்ததும் அவர் வேலைதான் இது என்று நடுங்கிப்போய், கியோட்டோவில் கோயில் கட்டிக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள்!

திருச்சி வரலாறு படிக்கும்போது எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது. நம் ஊரிலும் ஓர் அரண்மனை, ஒரு பெண், ஒரு துரோகம் உண்டு.

1732-ல் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் பிள்ளையில்லாமல் இறந்தார். அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தாள். உறவினரான பங்காரு திருமலை அரியணைக்குச் சண்டை பிடித்தார். இந்தக் குடும்பச் சண்டைக்குள் நுழைந்தவர்தான் ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப். ராணியைக் காப்பதாகக் குர்ஆன் மேல் சத்தியம் செய்தார், ஆனால் பட்டுத்துணிக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, வெறும் செங்கல் என்று ஒரு கதை உண்டு. செங்கல் நிஜமோ இல்லையோ, பிறகு நடந்தது நிஜம். கோட்டைக்குள் வந்தவர் ராணியையே சிறை வைத்தார். 1730-களின் பிற்பகுதியில் அவள் விஷம் குடித்து இறந்தாள். மதுரை நாயக்கர் ஆட்சி அதோடு சரி.

சந்தா சாகிப் நிம்மதியாக இருந்தாரா? 1741-ல் மராட்டியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சதாராவுக்குக் கொண்டுபோனார்கள். 1748-ல்தான் விடுதலை. பிரெஞ்சுக்காரர் துணையோடு மறுபடி திருச்சியை முற்றுகையிட்டார். 1752-ல் நிலைமை தலைகீழானது. அவர் படை ஸ்ரீரங்கம் கோயிலிலும், பிரெஞ்சுப் படை திருவானைக்கா கோயிலிலும் ஒதுங்கின. சாப்பாடு இல்லை, ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்ற வாக்கை நம்பி தஞ்சைத் தளபதி மானோஜியிடம் போனார். மானோஜி அவர் தலையை வெட்டச் செய்தார். அந்தத் தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டி, திருச்சி மதிலை ஐந்து முறை சுற்றிவந்ததாக ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார்.

இனிதான் விஷயமே. மீனாட்சிக்குப் பொய்ச் சத்தியம் செய்த அதே தளவாய் மண்டபத்தில்தான் அவர் வெட்டப்பட்டார் என்று ஜனங்கள் சொல்லிவந்தார்கள். எனக்கு இதில் சந்தேகம் உண்டு, கணக்கு இவ்வளவு கச்சிதமாக வரலாற்றில் நேராவதில்லை. ஆனால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே, அதுதான் முக்கியம். கயாகோ கண்ணில் பட்டவரையெல்லாம் கொல்கிறாள். மீனாட்சிக்காக ஊர் சொன்ன கதையில் பேயே இல்லை. ஓர் இடமும் ஓர் ஆளும் மட்டும்தான், குறி தப்பவில்லை. வாக்குக் கொடுத்து ஏமாற்றியவன் வாக்கை நம்பிச் சாகிறான்.

அரண்மனை மிச்சம் இன்றும் மலைக்கோட்டைப் பக்கம் இருக்கிறது, உள்ளே அரசு அருங்காட்சியகம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பிரித்துக் கொண்டுவந்து கட்டியது என்பார்கள். பெயர்ப் பலகையில் மீனாட்சி இல்லை, ராணி மங்கம்மாள் மகால் என்றுதான் சொல்கிறார்கள். மங்கம்மாள் மீனாட்சி புருஷனின் பாட்டி. ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனால் விஜயரங்க சொக்கநாதர் குடும்பத்தோடு ஆளுயரச் சிலையாகக் கைகூப்பி நிற்பதைப் பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.