கிளிக்கி: செய்த மொழியும் வீட்டு மொழியும்

பெரியவர்களுக்குப் புரியக் கூடாது என்று, எழுத்துக்கு எழுத்து 'க' சேர்த்துச் சிறுவயதில் பேசியிருப்போம். 'வா' என்பது 'கவா' ஆகும். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். ஆனால் இவையெல்லாம் தமிழுக்குள்ளேயே ஆடிய ஆட்டங்கள். அடியோடு புதிதாக ஒரு மொழியைச் செய்ய முடியுமா?

முடியும் என்று நம் காலத்தில் காட்டியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. 2015-இல் வெளிவந்த ராஜமௌலியின் 'பாகுபலி' படத்தில் வரும் கற்பனைக் காலகேயர் கூட்டத்துக்காக அவர் அமைத்ததே 'கிளிக்கி'. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். அதன் வித்து ஆஸ்திரேலியாவில் விழுந்தது. அங்கே ஆய்வு மாணவராக இருந்தபோது, குழந்தைகளுக்கு விளையாட்டாக 100 சொற்களை உருவாக்கினாராம். 'மின்' என்றால் நான். திருப்பிப்போட்டு 'நிம்' என்றால் நீ. "நிம்ம மனெ எல்லி?" என்று தினமும் கேட்கும் பெங்களூர்க்காரர் காதுக்கு இந்த 'நிம்' அந்நியமாகவே படாது! ஒலி ஒற்றுமைதான், உறவு கொண்டாட வேண்டாம்.

கிளிக்கிக்கு முன்னோடிகள் உண்டு. 'ஸ்டார் டிரெக்' படங்களில் வரும் வேற்றுக்கிரக வீரர்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியலாளர் 'கிளிங்கான்' மொழியை அமைத்தார். 1985-இல் அதற்கு அகராதியும் வந்தது. அதில் செயப்படுபொருள் முதலில், எழுவாய் கடைசியில். "சோறு தின்னான் ராமன்" என்று நாம் எப்போதாவது சொல்வது அங்கே அன்றாட வழக்கு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் தம் மகனிடம் பிறந்தது முதல் சுமார் மூன்று ஆண்டுகள் கிளிங்கானிலேயே பேசிப் பார்த்தார். தாயும் ஊரும் பேசியது ஆங்கிலம். கடைசியில் பிள்ளை கிளிங்கானில் பதில் சொல்வதையே விட்டுவிட்டான். இலக்கணம் இருந்தது, அகராதி இருந்தது. பேச இன்னொரு ஆள் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டில் பாட்டி ஒருத்தியிடம் மட்டும் தமிழ் என்றால், நம் பேரப்பிள்ளைக்குத் தமிழும் ஒற்றை ஆள் மொழிதானே? ஈராயிரம் ஆண்டு இலக்கியம் இருக்கே என்று பெருமைப்பட்டால் போதுமா?

கிளிக்கிக்கு எழுத்தும் இணையதளமும் அமைத்து அவர்கள் வெளியிட்டது 2020 பிப்ரவரி 21 அன்று. அது உலகத் தாய்மொழி நாள்; 1952-இல் டாக்காவில் வங்க மொழிக்காக உயிர்விட்டவர்களின் நினைவு நாள். அன்றைக்குச் செய்த மொழிக்கே விழா எடுத்தார்கள். பிறந்த மொழிக்கு நாம் செய்ய வேண்டியது சிறியதுதான்: பிள்ளைகளுக்குத் தமிழ் பேசும் தோழர்களைத் தேடிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடி விளையாடட்டும். 'க' சேர்த்துப் பேசினாலும் சரி, தமிழிலே பேசட்டும்!