46 நாளும் 108 வருடமும்

தலைமன்னார் பியரில் கறள் பிடித்து நிற்கிற பழைய இரும்புகளைக் காட்டி, "யுத்தம் அழிச்சது" என்று சொல்கிறோம். பாதிதான் சரி. யுத்தம் கப்பலை நிறுத்தியது, ஆட்களை அனுப்பியது. இரும்பைத் தின்றது நம்முடைய கடற்காற்று. அதை விளங்க அக்கரையில் உள்ள பாம்பன் பாலத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டும் ஒரே பயணத்தின் இரு பக்கங்கள். 1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே வருடம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும் ஓடத் தொடங்கியது. சென்னையில் 'போட் மெயில்' ஏறியவர், கடலைக் கடந்து இங்கே வந்து கொழும்புப் புகையிரதத்தைப் பிடிப்பார்.

அலை தெறிக்கும்போது மிக நுண்ணிய உப்புத்துளிகள் காற்றில் ஏறி இரும்பில் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதனால் மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு, இரும்பின் மேல் உண்டாகும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உடைத்துவிடும். கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை எடுக்கும். ஆகவே இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் அது நுழைந்தால், ஆணியையே நெம்பித் தள்ளிவிடும். மழை படும் பக்கத்தைவிட மழை படாத அடிப்பக்கம்தான் கூடப் பழுதாகும். மேலே உள்ள உப்பை மழை கழுவிவிடுகிறது, அடியில் கழுவ ஆளில்லை! கரையோரத்து வீட்டு யன்னல் கம்பியின் அடியைத் தடவிப் பாருங்கள்.

பாம்பனில் கழுவவும், சுரண்டவும், திரும்பப் பெயின்ற் பூசவும் ஆட்கள் இருந்தார்கள். உலகத்திலேயே மியாமிக்கு அடுத்தபடியாக இரும்பை அதிகம் அரிக்கும் இடம் அது என்று சொல்வார்கள்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒரு பயணிகள் புகையிரதம் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குப் போனது. பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன; கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. இளம் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரனின் குழு 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தியது.

புயல் ஒரு இரவில் செய்ததை 46 நாளில் திருத்த முடிந்தது. உப்பு 108 வருடமாகச் செய்ததைத் திருத்த முடியவில்லை. 2022 டிசம்பரில், புயல் தொடாத அதே நடுப்பகுதி அரிப்பால் பலவீனமாகிவிட்டதென்று புகையிரதத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறந்தார்கள். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியும் பொலிசிலொக்சேன் பூச்சும் அதில் உண்டு.

நம்முடைய பியருக்கு அந்த 108 வருடம் கிடைக்கவில்லை. 1980களில் கப்பல் நின்றது. 1990இல் நாமே மன்னாரில் இல்லை. 2015இல் புகையிரதம் திரும்ப வந்தது, இறங்குதுறைக்கு ஒரு டின் பெயின்ற் வரவில்லை. மிஞ்சியிருப்பதும் மெதுமெதுவாகக் கடலுக்குள் உதிர்கிறது.

கப்பல் ஓடிய காலத்தில் அங்கே வேலை செய்த மூத்தவர்கள் மன்னாரிலோ புத்தளத்திலோ இருந்தால், அந்த இரும்பை யார் சுரண்டினார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பெயின்ற் பூசினார்கள் என்று பிள்ளைகளைக் கொண்டாவது எழுதி அனுப்புங்கள். பழைய படங்கள் இருந்தாலும் அனுப்புங்கள்.