மணிமுடியும் வாக்குச்சீட்டும்: பல்கேரியாவின் சிமியோன் பற்றிய சில அவதானிப்புகள்

1946 செப்ரெம்பர் 8ஆந் திகதி பல்கேரியாவில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பு முடியாட்சியை ஒழித்தது. ஒன்பது வயதினரான இரண்டாம் சிமியோன் தாயுடனும் தமக்கையுடனும் எகிப்துக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 2001 யூலை 24இல், அவரே அந்நாட்டுக் குடியரசின் பிரதமரானார். இதனை விதியின் விளையாட்டு எனக் கூறி அமைவோர் உளர். மக்கள் ஏன் அவ்வாறு வாக்களித்தனர் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

தந்தை மூன்றாம் பொரிஸ் 1943 ஓகஸ்டில் இறந்தபோது சிமியோனுக்கு வயது ஆறு. ஆட்சி மூவர் கொண்ட பதிலாளுநர் குழுவிடம் சென்றது. 1945 பெப்ரவரியில் அம்மூவரும் கொல்லப்பட்டனர். பொரிஸின் அரசு 1941இல் ஹிட்லரின் அணியிற் சேர்ந்தது. பல்கேரியாவின் யூதர்கள் ஏறத்தாழ 48,000 பேர் நாடுகடத்தப்படாது தப்பினர் என்பதை முடியாட்சி ஆதரவாளர் இன்றும் எடுத்துரைப்பர். பல்கேரிய நிருவாகத்தின் கீழிருந்த திரேஸ், மசிடோனியப் பகுதிகளிலிருந்து 11,000க்கு மேற்பட்ட யூதர் மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டமை அவர்தம் நினைவில் எளிதில் வருவதில்லை. அதேவேளை, குடியரசுக்குக் கிடைத்த 95 வீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை மக்கள் விருப்பின் தூய வெளிப்பாடாக நாம் கொள்வதற்குமில்லை. அப்பொழுது செஞ்சேனை அந்நாட்டில் நிலைகொண்டிருந்தது. வாதத்தினால் முடிவுகட்டப்படாத வினா மீண்டும் எழுதல் இயல்பே.

நாடிழந்த அரசகுமாரன் பற்றிய நமது கதைமரபு வனவாசத்தையும் மரவுரியையும் எதிர்பார்க்கும். சிமியோனின் வனவாசமோ 1951 முதல் பிராங்கோவின் ஸ்பெயினிலே, பின்னாளில் நிறுவனங்களின் இயக்குநர் சபைகளிலே கழிந்தது. பிரெஞ்சு நிறுவனமான தொம்சனின் ஸ்பானியக் கிளைக்கு அவர் பல்லாண்டுகள் தலைவராயிருந்தார். ஆகவே 1996 மே மாதம் சோபியா திரும்பியவரை நிலப்பிரபுத்துவத்தின் எச்சமாக மாத்திரம் நோக்குவது தவறாகும். மன்னர் என்ற பெயருடன் வந்தவர் நவீன மூலதனத்தின் முகாமையாளர்.

அக்காலப் பல்கேரியா பேரிடரில் வீழ்ந்திருந்தது. வங்கிகள் முறிந்தன. 1997 பெப்ரவரி என்ற ஒரே மாதத்தில் விலைகள் மும்மடங்குக்கு மேல் உயர, சேமிப்பும் ஓய்வூதியமும் கரைந்தன. அவ்வாண்டு யூலையில் நாணயச் சபை நிறுவப்பட்டு, நாணயம் ஜேர்மன் மார்க்குடன் பிணைக்கப்பட்டது. பழைய கொம்யூனிஸ்ட் கட்சியின் வழிவந்த சோசலிஸ்டுகள், அவர்களின் பின் ஆண்ட வலதுசாரிகள் ஆகிய இருசாராரிடமும் மக்கள் நம்பிக்கை இழந்தனர். களத்தில் இல்லாதிருந்தமையே சிமியோனின் அரசியல் மூலதனமாயிற்று. ஐந்தாண்டு வதிவிட நிபந்தனை அவரைச் சனாதிபதித் தேர்தலிலிருந்து விலக்கியது. அவரது இயக்கத்தைப் பதிவுசெய்யவும் நீதிமன்றம் மறுத்தது. இரு சிறு கட்சிகளின் பதிவைக்கொண்டு போட்டியிட்ட அவ்வியக்கம் 2001 யூனில் 240 ஆசனங்களுள் 120ஐ வென்றது. எண்ணூறு நாட்களில் வாழ்வு சீருறும் என்பது அவரது வாக்குறுதி. இதனை நம்பியோரை மூடநம்பிக்கையினர் என எள்ளுவது எளிது. அவர்களுக்கு வேறெந்த வாசல் திறந்திருந்தது என்பதை எள்ளுவோர் கூறுவதில்லை.

ஆட்சியில் நிகழ்ந்தது எதிர்பார்க்கத்தக்கதே. இலண்டன் நிதி நிறுவனங்களிற் பணியாற்றிய இளைஞர் அமைச்சராயினர். நாணயச் சபையும் தனியார்மயமும் தொடர்ந்தன. 2003இல் ஈராக்குக்குப் படை சென்றது. 2004இல் நேட்டோ உறுப்புரிமை கிட்டியது. 1947இல் அரச குடும்பத்தின் உடைமைகளைப் பறித்த சட்டம் செல்லாதென அரசியலமைப்பு நீதிமன்றம் 1998இலேயே தீர்ப்பளித்திருந்தது. அதன்வழி மீண்ட மாளிகைகளும் காடுகளும் பின்னர் நீண்ட வழக்குகளுக்கு வித்திட்டன. எண்ணூறு நாட்கள் கழிந்தும் ஓய்வூதியர் நிலை வாக்களித்தவாறு மாறவில்லை.

ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. சோசலிசத்தின் பெயரால் ஆண்ட அரசு 1984–85இல் துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்களையே வலிந்து மாற்றியது; 1989இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அம்மக்களின் ஆதரவில் வளர்ந்த கட்சி, முன்னாள் மன்னரின் அமைச்சரவையிலே பங்குபெற்றது. இன ஒடுக்குமுறையை வர்க்க ஆய்வின் அடிக்குறிப்பாக ஒதுக்கிய மார்க்சியம் இவ்விடத்தில் விடைசொல்லக் கடமைப்பட்டுள்ளது.

2005 தேர்தலில் சிமியோனின் இயக்கம் 53 ஆசனங்களுக்கு வீழ்ந்தது. ஆயினும் அது சோசலிஸ்டுகள் தலைமையிலான கூட்டரசிற் சேர்ந்தது: முடியை அகற்றியோரின் வாரிசுகளும் முடியின் வாரிசும் ஒரே அரசிற் பங்காளிகளாயினர். 2009இல் இயக்கத்துக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை. முடிதுறப்புப் பத்திரம் எதிலும் என்றும் கையொப்பமிடாத சிமியோன், கட்சித் தலைமையை உடனே துறந்தார்.