'70 சதவீத வாய்ப்பு' பிறந்த கதை

2024 மே மாதம் அமெரிக்காவின் தேசியக் கடல்-வளிமண்டல நிர்வாகமான 'நோவா' ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அட்லாண்டிக் கடலில் அந்தப் பருவத்தில் பெயர் சூட்டும் அளவுக்கு வலுக்கும் புயல்கள் 17 முதல் 25 வரை இருக்கலாம். இதற்கு 70 சதவீத வாய்ப்பு. இப்படி ஒரு செய்தி கைமாறிக் கைமாறிப் போகும்போது முதலில் உதிர்வது அந்த 70 தான். கடைசி ஆளின் காதில் '25 புயல் வருதாம்' என்று மட்டும் விழும். ஆனால் அந்த 70-க்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. அந்தக் கதை நம் பக்கத்துப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

1876-78. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். மழை பொய்த்தால் என்ன நடக்கும் என்பதைப் பிணங்களை எண்ணித் தெரிந்துகொண்ட அரசாங்கம், அடுத்த பருவமழையை முன்கூட்டிச் சொல்லும்படி வானிலைத் துறையைக் கேட்டது. இமயத்தின் பனியைப் பார்த்து 1880-களில் மழையைக் கணித்தார்கள். 1899-இல் மழை மறுபடி பொய்த்தது, மறுபடியும் பஞ்சம்.

1904-இல் அந்தத் துறையின் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜ் கணித மேதை. உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி, எது ஏறும்போது எது இறங்குகிறது என்று பார்த்தார். கிணற்று ஏற்றம் போல, பசிபிக் பக்கம் அழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்வது தெரிந்தது. அதற்குத் 'தெற்கு அலைவு' என்று பெயரிட்டார். பின்னால், பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோவோடு சேர்த்துப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான்.

இருந்தும், பருவத்தைப் பற்றிப் பேசும்போது 'முன்னறிவிப்பு' என்ற சொல் வாக்கருக்குக் கனமாகப் பட்டது. வரப்போவதன் நிழல் முன்னே விழுவதைக் குறிக்கும் மெல்லிய சொல் ஒன்றைத் தேர்ந்துகொண்டார். வாக்கர் துறைத் தலைமைக்கு வந்த காலத்தை ஒட்டி, மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எர்னஸ்ட் குக் என்ற அரசு வானியலாளர் தம் தினசரி அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் போடத் தொடங்கினார். 5 என்றால் அநேகமாக உறுதி. எண் குறையக் குறைய ஐயம் கூடும். தமக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் செய்தியோடு சேர்த்துத் தந்தார். 70 சதவீதத்தின் விதை இது.

புயல் பருவத்துக்கு வருவோம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிரே ஒன்றைக் கவனித்தார். எல் நினோ ஆண்டுகளில் அட்லாண்டிக்கில் ஹரிகேன்கள் எனப்படும் கடும்புயல்கள் குறைகின்றன. புயல் என்பது அடுக்கி வைத்த பானைகள் மாதிரி. அடுக்கு நேராக நின்றால்தான் வளரும். எல் நினோ வந்தால் உயரத்தில் மேற்குக் காற்று வலுத்து, மேல் பானைகளைத் தள்ளிவிடுகிறது. இதோடு இன்னும் இரண்டு குறிகளைச் சேர்த்து, 1984-இல் முதல்முறையாகப் பருவம் முழுவதற்கும் கணிப்பு வெளியிட்டார். 1998-இல் நோவாவும் இறங்கியது.

பருவக் கணிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை 1992 கற்றுக்கொடுத்தது. அது புயல்கள் குறைந்த ஆண்டு. ஆகஸ்ட் நடுவில்தான் அந்த ஆண்டுப் புயல்களுக்கான பெயர்ப் பட்டியலின் முதல் பெயரே செலவானது. அந்தப் பெயர் ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24 விடியலில் அது தெற்கு புளோரிடாவின் ஹோம்ஸ்டெட் பகுதியில் கரையேறி, 60,000-க்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. 2010-இல் நேர்மாறு: 12 ஹரிகேன்கள் உருவாயின, ஒன்றுகூட ஹரிகேனாக அமெரிக்கக் கரையைத் தொடவில்லை. எண்ணிக்கை கடல் முழுவதற்கும் உரியது. நம் தெருவுக்கு என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஒரே ஒரு புயல் கரையேறினாலும் அந்த ஊருக்கு அதுவே பெரிய பருவம் என்று கொலராடோ குழுவும் விடாமல் சொல்லிவருகிறது.

சரி, அந்த 70 என்ன சொல்கிறது? ஒரு சுருக்குப்பையில் பத்துப் புளியங்கொட்டை போடுங்கள். ஏழு கொட்டைகளை வெள்ளை தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள், மூன்றைக் கறுப்பாகவே விடுங்கள். ஒவ்வொரு மே மாதமும் பார்க்காமல் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறோம். வெள்ளை வந்தால் புயல் எண்ணிக்கை சொன்ன வரம்புக்குள் நிற்கும். கறுப்பு வந்தால் வெளியே போகும். 2024-இல் வெள்ளை: 18 புயல்கள், வரம்புக்குள். 2020-இல் கறுப்பு: மே மாதம் சொன்னது 13 முதல் 19, வந்தது 30. பெயர்ப் பட்டியல் தீர்ந்து கிரேக்க எழுத்துகளுக்குப் போக நேர்ந்தது. 2013-இல் ஹரிகேன்களின் எண்ணிக்கையில் கறுப்பு மறுபக்கம் விழுந்தது: 7 முதல் 11 ஹரிகேன்கள் என்றார்கள், இரண்டே வந்தன. ஓர் ஆண்டை மட்டும் வைத்துக் கணித்தவரைக் கெட்டிக்காரர் என்றோ பொய்யர் என்றோ சொல்ல முடியாது. பத்து இருபது ஆண்டுகளை வரிசையாக வைத்து, வெள்ளையும் கறுப்பும் ஏறத்தாழ ஏழுக்கு மூன்றாக விழுந்தனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்களில் கிரேயும் அவருடைய மாணவர் பில் கிளாட்ஸ்பாக்கும் உண்டு. அடுத்த ஆண்டுப் பருவத்தை டிசம்பரிலேயே எண்ணிக்கையாகச் சொல்லிவந்தார்கள். இருபது ஆண்டுக் கணக்கைத் திரும்பப் பார்த்தபோது, பழைய சராசரியைச் சொல்லியிருந்தால் வந்திருக்கும் பலனுக்கு மேல் ஒன்றும் தேறவில்லை. 2011 டிசம்பரில் அதை ஊரறியச் சொல்லிவிட்டு, அந்த எண்ணிக்கையை நிறுத்திக்கொண்டார்கள். ஏப்ரலிலும் அதற்குப் பிறகும் தரும் கணிப்புகளைத் தொடர்ந்தார்கள்.

70 சதவீதம் என்பது இந்த மனிதர்களின் சொல். தெரிந்ததை ஏழு கொட்டைகளாகவும் தெரியாததை மூன்றாகவும் எண்ணி நம் கையில் கொடுக்கிறார்கள். அடுத்தவருக்கு நாம் செய்தி சொல்லும்போது பத்தையும் சேர்த்தே கொடுப்போம். ஹோம்ஸ்டெட்டில் வீடு உள்ளவரோ, பை எந்த நிறத்தைத் தந்தாலும், ஜூனில் பருவம் பிறக்கும் முன்னே ஜன்னலுக்குப் பலகை வாங்கி வைத்துவிடட்டும்.