மொரீஸ் தீவும் நம் புதுவையும் – ஒரே சட்டம், இரண்டு கரைகள்

1985 என்று நினைவு. நான் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். முற்பகல் நேரத்தில் ஒரு பெண் கல்யாணச் சான்று நகல் கேட்டு வந்தாள். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. நகலைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"ஐயா, அந்த வீட்ல நான் இருக்கலாம்னு இதுல எழுதியிருக்குங்களா?"

"அதெல்லாம் இதுல வராதும்மா. புருஷன் பொண்டாட்டி சண்டைதானே, நல்லபடியா வீட்டுக்குப் போ" என்றேன். பின்னால் வரிசை நின்றது. அவள் போய்விட்டாள்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ரெனோன்சான் குடும்பத்துக் காகிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். 1963-இல் இந்து திருமணச் சட்டம் புதுவைக்கு வந்தபோதுகூட அவர்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தின் தாய்ப் பிரதி 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்தது. கணவன் மனைவிக்குப் பாதுகாப்பு தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது அதன் 213-ஆம் விதி. கணவன் எங்கே குடியிருக்கச் சொல்கிறானோ அங்கே மனைவி போய்க் குடியிருக்க வேண்டும் என்றது 214. ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றோர் வரிசையில் சிறுவர்களோடு மணமான பெண்களையும் சேர்த்திருந்தது. பிரான்சே கீழ்ப்படிதலை 1938-இல்தான் நீக்கியது.

மனைவியை ஏற்றுப் பராமரிக்க வேண்டும் என்று கணவனுக்கும் 214-இல் கடமை உண்டு. கொடுமை என்றால் மணவிலக்கு வழக்கும் போடலாம். ஆனால் அடித்து வெளியே தள்ளினால் அன்றிரவு அவள் எங்கே படுப்பாள்? அதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. இந்தியச் சட்டத்திலும் அப்போது நேரான பதில் இல்லை. 1983-இல் வந்த 498-ஏ கணவனைச் சிறைக்கு அனுப்பியது, வீட்டை அவளுக்குத் தரவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் மொரீசியஸிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மூதாதையர் புதுவைத் தச்சராம். 1735-இல் அந்தத் தீவுக்கு ஆளுநரான லாபுர்தொனே, போர் லூயி துறைமுகத்தைக் கட்டப் புதுவையிலிருந்து தச்சர், கொத்தர், கொல்லர்களை அழைத்துப் போனது வரலாறு. பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்ல என்னிடம் அனுப்பியிருந்தார்கள். தமிழில் நாலைந்து வார்த்தைதான் தெரியும், பிரெஞ்சில் பேசினோம். அடிபட்ட பெண்களுக்கான காப்பகத்தில் தொண்டு செய்தவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

நம்மை ஆண்ட அதே சட்டம்தான் அங்கும். பிரெஞ்சு ஆட்சியிலேயே தீவுக்கு வந்தது. 1810-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தும் சட்டத்தைத் தொடவில்லை. 1968-இல் சுதந்திரம் வந்தபோதும் மணமான பெண்ணின் நிலை மாறவில்லை. "அப்புறம் யார் மாற்றினார்கள்?" என்றேன். "நாங்கள்தான், முசியே" என்றார்.

1976-இல் முவ்மான் லிபரேசியோன் ஃபாம் என்ற பெண்கள் இயக்கம் தொடங்கியது. 1977-இல் அரசு ஒரு குடியேற்றச் சட்டம் போட்டது. வெளிநாட்டு மனைவிக்குத் தீவில் வசிக்க உரிமை உண்டு, வெளிநாட்டுக் கணவனுக்கு அது இல்லை என்றானது. ஷிரின் ஓமெருத்தி சிஃப்ரா உள்ளிட்ட 20 பெண்கள் 1978-இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கே முறையிட்டார்கள். 1981-இல் இது பாகுபாடுதான் என்று குழு சொன்னது. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. இதற்கிடையே, 1980களின் தொடக்கத்தில், சிவில் சட்டத்திலும் மனைவியைச் சிறுமியாக வைத்திருந்த விதிகள் போயின. 1989-இல் எஸ்.ஓ.எஸ். ஃபாம் என்ற அமைப்பு உருவாகி, அடிபட்டு வந்த பெண்களுக்குக் காப்பகம் நடத்தியது.

1997-இல் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது குடியிருப்பு ஆணை. வீடு யார் பேரில் இருந்தாலும், அடிபட்டவள் உள்ளே இருக்கலாம், அடித்தவன் வெளியே போக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இன்னொரு தீவான இலங்கையில் 2005-இல் 34-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அங்கே நீதவான் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம்.

நம் நாட்டிலும் சட்டம் தானாக வரவில்லை. 2002-இல் அரசு கொண்டுவந்த முதல் மசோதா, 'வழக்கமாக' அடித்தால்தான் வன்முறை என்றது. கணவன் தன்னையோ தன் சொத்தையோ காத்துக்கொள்ள அடித்தால் குற்றமில்லை என்றும் இடம் வைத்தது. இந்திரா ஜெய்சிங்கின் லாயர்ஸ் கலெக்டிவும் பெண்கள் அமைப்புகளும் விடாமல் எதிர்த்தார்கள். அந்த மசோதா போய், 2005-இல் புதுச் சட்டம் வந்தது. 26-10-2006 முதல் நடைமுறை. மதமோ சொந்தச் சட்டமோ தடையில்லை, ரெனோன்சான் வீட்டுப் பெண்ணுக்கும் உண்டு. அதன் 17-ஆம் பிரிவு, வீட்டில் பங்கோ பட்டாவோ இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது.

அப்போது நான் பணியில்தான் இருந்தேன். அரசிதழ் நகல் சுற்றுக்கு வந்தது. 17-ஐ இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் 21 வருடம் கழித்து என் மேசைக்கு வந்திருந்தது. அவளை அதன்பின் நான் பார்க்கவேயில்லை.

மொரீசியஸ் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அன்று உங்களிடம் சட்டம் இல்லை, சரி. உட்கார ஒரு நாற்காலி இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாராவது உங்களிடம் வந்து நின்றால், நான் சொன்னதைச் சொல்லி அனுப்பாதீர்கள். முதலில் உட்காரச் சொல்லுங்கள். பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், வீட்டில் இருக்க உனக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லுங்கள். 181 என்ற எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.